பரணில் இருந்த முதலுதவிப் பெட்டி நேரத்துக்கு உதவவில்லை. வீட்டுக்கு, பயணத்துக்கு, அவசரத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

மல்லிப்பந்தல் (காட்பாடி)

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் சோறு வடிக்கும்போது பிடிதுணி நழுவி, கொதிக்கிற கஞ்சி இடது முன்கையில் கொட்டிவிட்டது. முதலுதவிப் பெட்டி பரணில் இருந்தது. நான் ஸ்டூலைத் தேடி இழுத்து வருவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பற்பசையைத் தடவிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், பதறிப்போய்ச் செய்தது.

பெட்டியை இறக்கித் திறந்தேன். கார் வாங்கியபோது கூடவே கொடுத்த பெட்டி அது. பிளாஸ்திரிகள் பசை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மருந்து பாட்டிலின் அடியில் காய்ந்த பழுப்பு நிறம் மட்டும் இருந்தது. களிம்பு டியூபில் காலாவதித் தேதி 2021. கத்தரிக்கோலைப் பெண்ணின் காகித வேலைக்கு நானே எடுத்து எங்கோ வைத்திருக்கிறேன். மிச்சம் ஒரு பஞ்சு உருண்டை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பற்பசையைக் கழுவி எடுத்தபோது மாமியார் துடித்தது கண்ணிலேயே நிற்கிறது. அவருக்கு வயது 71, சர்க்கரை உண்டு. பெண்ணுக்கு 4 வயது. மாதா மாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறோம். புதிதாகப் பெட்டி தயார் செய்ய வேண்டும். கடையில் கட்டிக் கொடுப்பதை அப்படியே வாங்கப் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வார்டு வெளிச்சம் (சத்துவாச்சாரி)

மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது அம்மா? கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். சர்க்கரை இருப்பதால் புண் முழுக்க ஆறும்வரை கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போங்கள்.

32 வருஷம் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தீக்காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர்தான். பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். கடிகாரம் பார்த்து 20 நிமிஷம், ஏனென்றால் பலர் இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் கத்திரி வெயில் மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும். அப்போது பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. வீங்குவதற்கு முன்னால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கூட்டிப் போங்கள். பற்பசை, இங்க், மாவு எது தடவினாலும் சூடு உள்ளேயே தங்கும், காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்கும் தெரியாது.

பெட்டியைப் பற்றி. முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். எட்டாத இடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம். உள்ளே காயத்துக்கான சாமான்தான் முக்கியம். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் ஒட்டி வரும் கிருமி நீக்கிய காஸ் துணி பத்து, இரண்டு அகலத்தில் உருளைக் கட்டுத் துணி, சுளுக்குக்கு ஒரு கிரேப் பேண்டேஜ், காகித ஒட்டுப் பட்டை, கையுறை இரண்டு ஜோடி, கத்தரிக்கோல், முள் எடுக்க நுனி கூரான இடுக்கி, ஊக்கு, தெர்மாமீட்டர், சின்ன பாட்டில் போவிடோன் அயோடின் (காயத்தில் தடவும் பழுப்பு நிறக் கிருமிநாசினி). இவ்வளவுதான். அந்தக் கத்தரிக்கோலை ஒரு கயிற்றில் பெட்டியோடு கட்டிவிடுங்கள்.

பஞ்சை நேராகக் காயத்தின் மேல் வைக்கக் கூடாது. இழை உள்ளே ஒட்டிக்கொள்ளும். ரத்தம் வந்தால் காஸ் துணியை வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைய ஆரம்பித்தது பிய்ந்துவிடும். நனைந்துவிட்டால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும்.

பாலாற்றங்கரை (வேலூர்)

சிஸ்டர், நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பாட்டி மஞ்சளும் காப்பித்தூளும் வைத்தே எத்தனையோ காயத்தை ஆற்றியிருக்கிறார். மருந்துக்கடைச் சாமான் இல்லாமலே வளர்ந்தவர்கள்தானே நாம்?

வார்டு வெளிச்சம்

பாட்டி இருந்த காலத்தில் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை, கையில் இருந்ததை வைத்துப் பார்த்தார்கள். அதை நான் குறைவாக நினைக்கவே மாட்டேன். ஆனால் அஞ்சறைப் பெட்டி மஞ்சள்தூளில் எல்லார் கையும் பட்டிருக்கிறது, அது கிருமி நீக்கியது கிடையாது. வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வந்தால் தையல் போடும் முன் ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டும். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு சின்னப் பையனுக்குப் புருவத்தில் அரை மணி நேரம் கழுவினோம். சோப்பும் தண்ணீரும் போதும். அது பாட்டி காலத்திலும் இருந்ததுதானே.

நாய்க்கடிக்கும் இதே பதில்தான். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். குட்டி நாய், வீட்டு நாய், லேசான கீறல் என்று தள்ளிப் போடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

குடியாத்தம் கடைவீதி

20 வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். மாத்திரை பற்றி நான் சொல்கிறேன்.

வீட்டில் 4 வயதுக் குழந்தை இருப்பதால் காய்ச்சல் சிரப் வைத்திருப்பீர்கள். உள்ளே போய் அந்த பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். மூன்றும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, ஒரே மாதிரி ரோஸ் நிறம். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. போன தடவை 125 வாங்கி 6 மில்லி கொடுத்துப் பழகிய அம்மா, இந்தத் தடவை 250 பாட்டிலில் அதே 6 மில்லியை ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். அளவு மீறினால் அது கல்லீரலைக் கெடுக்கும் மருந்து. இப்படி நடந்து பதறி ஓடி வந்தவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்டு, பாட்டில் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். மூடி அளவு வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். வீட்டுச் ஸ்பூன் ஒவ்வொன்றும் ஓர் அளவு.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட் நாலைந்து கட்டாயம் வேண்டும். 1 லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் உண்டு, 200 மில்லிக்கான சின்னதும் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் பாதி கொட்டிக் கரைத்தால் உப்பு அளவு தப்பி, அதுவே கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். டெட்ரா பாக்கெட்டில் இனிப்பாக வந்த பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி எத்தனை பேர் வாங்கிப் போனார்கள்! சரியான அளவில் இல்லாத பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளே வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

போன காய்ச்சலுக்கு எழுதிய ஆன்டிபயாடிக் மிச்சம் நாலு மாத்திரை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதற்குப் பெட்டியில் இடம் கொடுக்காதீர்கள்.

லாட்ஜ் கணக்கு (காந்தி ரோடு)

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் வெளிமாநிலத்துக்காரர்கள் தங்கும் லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று வருவார்கள். எங்கள் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. அதில் அதிகம் செலவாவது எது தெரியுமா? குளுக்கோஸ்.

காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு கிளம்புவார்கள். சர்க்கரை நோயாளி, முந்தின இரவு மாத்திரையும் போட்டிருப்பார். வரிசையில் நின்றுவிட்டு வெயிலில் திரும்பி வரும்போது வாசற்படியிலேயே வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவார். நினைவோடு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுப்பேன். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் இரண்டு இட்லி சாப்பிட வைப்பேன். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற மாட்டேன், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழைப்பேன்.

மல்லிப்பந்தல் அக்கா, உங்கள் மாமியாருக்காக வீட்டுப் பெட்டியிலும் கிரிவலப் பையிலும் இதைக் கட்டாயம் போடுங்கள். மாத்திரை மட்டும் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அவர் ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறார் என்று நமக்குத் தெரியாது.

சாமைக்கொல்லை (ஜவ்வாது மலை)

எங்கள் பக்கம் கேள்வியே வேறு. வரப்பிலும் விறகுக் கட்டிலும் சுருட்டைவிரியன் நிறைய. பாம்புக்கடிக்கு விஷமுறிவு ஊசி மருந்தை வாங்கி ஊரில் யார் வீட்டிலாவது வைக்க முடியுமா? 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். ரோடு இல்லாததால் உடலைப் பெற்ற தாயே சுமந்து மலை ஏறினார். அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பெண்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது.

வார்டு வெளிச்சம்

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஊசியை வீட்டில் வைக்க முடியாது அய்யா. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. நரம்பு வழியாகப் பல குப்பிகள் ஏற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு ஏற்றும்போதே உடம்பு ஒவ்வாமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதைச் சமாளிக்க மருந்தும் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்துதான், அதனால் பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டியதும் இல்லை.

ஊரில் வைக்கக் கூடியது என்ன என்று கேட்டால், இரண்டு அகலத் துணிக்கட்டு, ஒரு முழ நீளத்தில் இரண்டு மூங்கில் பட்டை, டார்ச், வண்டி ஓட்டுபவர்களின் நம்பர். கடித்த கையையோ காலையோ எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவதுபோல் பட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள், இறுக்காமல். கொலுசு, மெட்டி, மோதிரம், அரைஞாண் கயிறு கழற்றிவிடுங்கள். கயிறு கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் செய்யாதீர்கள். நடக்க விடாதீர்கள். ரோடு இல்லாத இடத்தில் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவாருங்கள். டோலி கட்டினாலும் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தை ஆரம்பிக்க முடியும், அங்கிருந்து அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். எந்த நிலையத்தில் இரவிலும் ஆள் இருக்கிறது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே போய்க் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தானாக மூடிக்கொள்வது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் தாமதிக்காதீர்கள். மலையில் தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகித் தூங்குவதே பெரிய பாதுகாப்பு.

சாமைக்கொல்லை

மூங்கில் பட்டை எங்களிடம் இல்லாததா! நாளைக்கே சீவி, பள்ளிக்கூடத்தில் ஒன்று, பால் ஊற்றுகிற இடத்தில் ஒன்று மாட்டிவிடுகிறேன். நன்றி சிஸ்டர்.

ஆம்பூர் தையல்

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் வேலை. பெயர் வேண்டாம். எங்கள் தளத்திலும் பச்சை சிலுவை போட்ட பெட்டி சுவரில் உண்டு. போன வருஷம் என் பக்கத்து மெஷின் பெண்ணுக்கு ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி முறிந்துவிட்டது. பெட்டிக்குப் பூட்டு. சாவி சூப்பர்வைசரிடம், அவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் விரலைப் பிடித்துக்கொண்டு தோல் துண்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் என் துப்பட்டாவால் சுற்றினேன்.

அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 45. 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும், முதலுதவி தெரிந்த ஒருவர் பொறுப்பில், வேலை நேரம் முழுக்க அவர் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நாங்கள் ஆறு பேர் போய்ப் பேசினோம். இப்போது பூட்டு இல்லை. சிஸ்டர், முறிந்த ஊசி உள்ளே இருந்தால் பிடுங்கலாமா?

வார்டு வெளிச்சம்

ஆழமாக இறங்கியதைப் பிடுங்காதீர்கள் கண்ணு. அதைச் சுற்றி மெத்தையாகத் துணி வைத்து, நகராதபடி கட்டி அனுப்புங்கள். எக்ஸ்ரே பார்த்து எடுப்பார்கள். டி.டி. ஊசி (ரண ஜன்னித் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்பதையும் எல்லாரும் எழுதி வையுங்கள். அழுக்கான காயத்துக்கு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள். உங்கள் ஊரில் தோல் பதனிடும் வேலையில் இருப்பவர்களுக்குக் கண்ணில் சுண்ணாம்போ ரசாயனமோ தெறித்தால், இமையைத் திறந்து பிடித்து 20 நிமிஷமாவது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொண்டை ஊசி 14 (திருப்பத்தூர்)

ஏலகிரி, ஜவ்வாது என்று வாரம் தவறாமல் பைக்கில் போகிறவன். பயணப் பைக்கு என் அனுபவம். சீட்டுக்கு அடியிலோ கார் டேஷ்போர்டிலோ மருந்து வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிய கார் அடுப்புதான். பெரும்பாலான மாத்திரைகளின் அட்டையில் 30 அல்லது 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கும். அக்கா பெட்டியில் பிளாஸ்திரி உருகியதும் இப்படிச் சூட்டில்தான் இருக்கும். கட்டுத் துணி வண்டியில் இருக்கட்டும், மாத்திரை தோள்பையில் உங்களோடு வரட்டும்.

கிரிவலம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலில். பகலில் போனால் தார் ரோட்டில் பாதம் கொப்பளிக்கும், ராத்திரியில் கண்ணாடிச் சில்லு தெரியாது. ஒரு சின்ன டார்ச், இடுக்கி, காஸ் துணி, ஒட்டுப் பட்டை, உப்பு சர்க்கரைப் பாக்கெட் இரண்டு, குளுக்கோஸ், தண்ணீர். மாமியாருக்குச் சர்க்கரை என்றால் கால் மரத்திருக்கலாம், குத்தியதே தெரியாது. செருப்போடு நடக்கச் சொல்லுங்கள், அண்ணாமலையார் கோபிக்க மாட்டார்.

ரோட்டில் விபத்தைப் பார்த்தால் பயப்படாமல் நில்லுங்கள். உதவுகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்த்திருக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பெங்களூரு நெடுஞ்சாலையில் இதைச் சொன்ன பிறகுதான் ஒரு கார்க்காரர் அடிபட்டவரை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்.

பாலாற்றங்கரை

சிஸ்டர் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். காப்பித்தூளை விட்டுவிட்டோம்.

அவசரப் பை பற்றி நான் ஒன்று சொல்லலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைவிட்டுக் கிளம்பினோம். பத்திரத்தையும் நகையையும் எடுத்தோம். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை ஜன்னல் விளிம்பிலேயே நின்றுவிட்டது. மண்டபத்தில் மூன்று நாள். அவர் சாப்பிடுவது வெள்ளை மாத்திரை, சின்னது என்பதைத் தவிர எங்களுக்குப் பெயரே தெரியவில்லை. இப்போது கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. ஒரு வாரத்து மாத்திரை, மருந்துச்சீட்டின் நகல், ஆதார் நகல், டார்ச், சார்ஜர் எல்லாம் ஜிப் கவரில். மாதம் முதல் தேதி மாத்திரை வாங்கி வந்ததும் பையில் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதியதை உள்ளே வைப்போம். அப்படிச் செய்தால் எதுவும் காலாவதி ஆகாது.

மல்லிப்பந்தல்

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

காயச் சாமான்களைச் சமையலறை வாசலில், என் தோள் உயரத்தில் ஆணி அடித்துத் துணிப்பையாக மாட்டியிருக்கிறேன். கத்தரிக்கோல் கயிற்றில். மாத்திரைகள் தனி டப்பாவில், பெண்ணுக்கு எட்டாத அலமாரியில். சிரப் பாட்டில் 250-ஆகத்தான் இருந்தது! நான் 125 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை டாக்டரிடம் போனில் கேட்டு அளவை எழுதி ஒட்டிவிட்டேன். பாலாற்றங்கரை அண்ணன் சொன்ன முதல் தேதி வழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து பார்த்தார், தனக்கும் ஒரு பை தைக்கச் சொல்லியிருக்கிறார்.

மாமியார் கையில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் வந்துவிட்டது. பையைத் தன்னால் எட்ட முடிகிறதா என்று அவரே இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். எட்டவில்லை. ஆணியை ஒரு சாண் இறக்கி அடித்திருக்கிறேன்.